பொருத்தனைச் சேவல்

எங்கள் சபையில் ஒரே ஜெபக்கூட்டத்தில் இரண்டு பேருக்காக வேண்டிக்கொண்டார்கள். ஒன்று, என் அக்கா மகன். இரண்டு வயதுப் பிள்ளை. காய்ச்சலில் அனலாய்க் கிடந்தான். இன்னொன்று, நான். உட்காருகிற இடத்தில் எனக்குப் பெரிய கட்டி. மறுநாள் காலையில் என் கட்டி உடைந்துவிட்டது. பிள்ளைக்கும் அந்த வாரத்திலேயே காய்ச்சல் விட்டது. ஆனால் இடது கால் விழுந்துவிட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். அன்றைக்குப் பிடித்த குழப்பம் எனக்கு இன்றும் தீரவில்லை. இரண்டு விண்ணப்பமும் பக்கத்தில் பக்கத்தில்தானே போயிருக்கும்? பார்த்தவருக்கு என் பின்பக்கம்தானா அவசரமாகப் பட்டது?

ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் என் கடையில் சைக்கிள் எடுப்பார்கள். மற்ற மாதங்களில் நானே ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். சைக்கிள் கடைக்காரனால் சைக்கிளில் உட்கார முடியவில்லை என்ற செய்தி இலத்தூர் வரைக்கும் போய்ச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தது. வேதத்தில் ஒரு பக்தர் உடம்பெல்லாம் கட்டி வந்து சாம்பலில் உட்கார்ந்து புலம்புவார். அவர் பட்டது பெரிய பாடு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவரால் உட்கார முடிந்தது.

அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டது அக்காதான். அத்தானுக்கு மலைக்கு அந்தப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை; எப்போதாவதுதான் வருவார். ஆகவே வீட்டில் அக்காவும் பிள்ளையும் நானும். அந்த ஜெபக்கூட்டத்தன்று அக்கா இரண்டு பொருத்தனை செய்தாள். எனக்குக் கட்டி குணமானால் ஒரு பூசணிக்காய். "உன் கட்டி அளவுக்கு வேற எந்தக் காயும் காணாதுலே" என்றாள். பிள்ளை சுகமானால் ஒரு சேவல். வீட்டில் அப்போது பொரித்திருந்த குஞ்சுகளில் ஒன்றைப் பிடித்துக் காலில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். அது கர்த்தருடையது, வளர்ப்பது மட்டும்தான் நாங்கள்.

எங்கள் பக்கத்தில் பொருத்தனை என்றால், வேண்டினது கிடைத்ததும் ஸ்தோத்திரப் பண்டிகையில் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். இன்னாருக்கு இன்ன நன்மை கிடைத்ததற்காக என்று பாதிரியார் வாசிப்பார். எங்கள் ஊரில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிந்ததும் கோயில்குட்டி, அதாவது மணி அடித்து விளக்கேற்றிக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார். அந்த வருஷப் பண்டிகையில் என் பூசணிக்காய் ஏலம் போனது. எந்த நன்மைக்காக என்பதை ஐயர் மேலோட்டமாகச் சொல்லித் தாண்டினார். பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. அக்கா மட்டும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். சேவலை அவள் கொண்டுவரவில்லை.

அங்கேதான் தகராறு தொடங்கியது. பிள்ளை சுகமானானா, இல்லையா? காய்ச்சல் போய்விட்டது; உயிர் இருக்கிறது; சாப்பிடுகிறான், சிரிக்கிறான், என் மீசையைப் பிடித்து இழுக்கிறான். கால் மட்டும் எழவில்லை. இப்போது சேவல் கர்த்தருக்குச் சேருமா, சேராதா? சபையே இரண்டாகப் பிரிந்தது. என் கடையில் டியூப்புக்கு ஒட்டுப்போட வந்தவர்கள் ஒட்டு காய்ந்த பிறகும் நின்று வாதாடினார்கள்.

சுரண்டையிலிருந்து வந்து இங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் சபைக் கமிட்டியில் இருந்தார். சேவல் சேரும் என்பது அவர் கட்சி. அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார்.

"உயிரு கிடைச்சுட்டுலா தாயி? அது சுகம் இல்லாம என்ன?"

"அண்ணாச்சி, உங்க கடையில ஒரு படி அரிசி கேட்டு, நீங்க அரைப் படி அளந்து போட்டா, முழுக் காசையும் கேப்பியளா?"

"நான் எதுக்கு அப்படிச் செய்யப்போறேன்? அதுவும் கர்த்தர் என்ன கடைக்காரரா?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன். கடைக்காரரு நீங்களே செய்ய மாட்டேங்கிய."

அண்ணாச்சி காப்பியை முடிக்காமலே எழுந்து போனார். நான் அதைக் குடித்துவிட்டு, அவர் சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சேவல் விஷயம்கூடப் பரவாயில்லை. எனக்குப் பயம் கொடுத்தது வேறொன்று. அக்கா திருவிருந்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள், பாடுவாள். ஆனால் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடப் போகும்போது அவள் இருந்த இடத்திலேயே இருப்பாள். எங்கள் சபை வழக்கப்படி, யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவர்கள் அந்தப் பந்திக்குப் போகக் கூடாது. வரப்புத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை என்று நாலைந்து பேர் எப்போதும் உட்கார்ந்தே இருப்பார்கள். அவர்களைப் பார்த்தே ஊர்ச் செய்தியைத் தெரிந்துகொள்ளலாம். அக்காவுக்கு யாரோடு சண்டை என்று ஊர் தேடித் தேடிப் பார்த்தது.

நான் கேட்டேவிட்டேன். "எக்கா, யாருகூட உனக்குச் சண்டை?"

"பந்தி போடுதாருல்லா, அவருகூடத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. சாகும்போது அம்மா எனக்கு வீட்டையும் அக்காவுக்கு வேதபுத்தகத்தையும் கொடுத்தாள். வீட்டை நான் வைத்திருக்கிற லட்சணம் வேறு கதை. அக்கா அவளுக்குக் கிடைத்ததை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். வருகிற துன்பத்தையெல்லாம் எங்கள் வீட்டில் அவள்தான் கர்த்தரிடம் கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டு வருவாள். அவளே போகாவிட்டால் நான் எங்கே போய் இறக்குவேன்?

அதனால் அவளைச் சமாதானப்படுத்துகிற வேலையை ஏற்றுக்கொண்டேன். இதற்கு என்னைவிடத் தகுதியில்லாத ஆள் தென்காசித் தாலுகாவில் கிடைப்பது சிரமம். ஐயருடைய பிரசங்கங்களில் கேட்டதையெல்லாம் என் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டேன். பொன்னைப் புடம் போடுவது எனக்குத் தெரியாது, பொன்னையே அதிகம் தெரியாது. சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பது தெரியும்.

"எக்கா, சக்கரம் நேரா ஓடணும்னா கம்பியை முறுக்கத்தான் செய்யணும். முறுக்குதவனுக்குத்தான் தெரியும் எந்தக் கம்பியைன்னு."

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. "நேரா ஓடிக்கிட்டு இருந்த சக்கரத்தை எவனாவது கோட்டம் எடுப்பானாலே?"

எடுக்க மாட்டான். நான் கடைக்குப் போய் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாடிக்கையாளர் என்ன கோளாறு என்று கேட்டார். ஒன்றுமில்லை, நேராகத்தான் ஓடுகிறது என்றேன்.

இதற்குள் சேவல் பெரிதாகிவிட்டது. கர்த்தருடையது என்பது அதற்கே தெரிந்துவிட்டதோ என்னவோ, அப்படி ஒரு மிதப்பு. அடுப்பங்கரைக்குள் வரும், அரிசிப் பானைமேல் ஏறும். விரட்டக் கை ஓங்கினால், பிள்ளை தரையில் தவழ்ந்து வந்து அதைக் கட்டிக்கொள்வான். அவனோடு தரை மட்டத்தில் உலகத்தைப் பார்த்த ஒரே ஜீவன் அதுதான். நாங்கள் எல்லாரும் மேலே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

சாரல் தொடங்கினால் பிள்ளையைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவோம். இலத்தூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் காலுக்குத் தேய்க்க எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருந்தார். எண்ணெயைத் தேய்த்து அருவியில் காட்டினால் நரம்பு முழிக்கும் என்பார். சிவன் கோயிலை ஒட்டி விழுகிற தண்ணீரில் நம்ம ஆட்கள் குணம் தேடலாமா என்று பலசரக்குக்கடை அண்ணாச்சி கேட்டார். "தண்ணி மலையில இருந்து வருது. மலையை யாரு படைச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் அவருக்கு உரிய பெருமையை இன்னொருவர் குறைக்க விடமாட்டாள்.

பிள்ளையைத் தோளில் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு நான்தான் பேரருவிக்குள் போவேன். எண்ணெய் பூசின ஆட்கள் நெருக்கி நிற்பார்கள். வழுக்கிக்கொண்டே உள்ளே போய்விடலாம். தண்ணீர் தலையிலும் தோளிலும் அடிக்கிற அடி இருக்கிறதே, அதை ஒரு மனுஷன் அடித்தால் போலீசுக்குப் போவோம். ஆனால் மதுரையிலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வந்து, அடி வாங்க இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். அடி வாங்கிவிட்டு வெளியே வருகிற முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

ஒரு தரம் அருவிக்குள் நிற்கும்போது எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இதுதான் விடை! வலி என்பது இப்படித்தான், விழுகிறபோது அடி, முடிந்தபின் சுகம். வெளியே ஓடிவந்து, தலைகூடத் துவட்டாமல் அக்காவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உள்ளே உதைத்தது. அருவிக்குள் நானாகத்தான் போனேன். போதுமென்றால் நானாகவே வெளியே வந்துவிட்டேன். இந்தப் பிள்ளையை யார் கேட்டார்கள்? வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டே? சொல்லு" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. காதுல தண்ணி."

அவள் பிள்ளையின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலையும் மற்ற காலையும் பக்கத்தில் வைத்து அளப்பது போலப் பார்த்தாள். அவன் இரண்டு பெருவிரலையும் காட்டி, "இது தூங்குது. இது முழிச்சிருக்கு" என்றான். நாங்கள் மூன்று பேருமே சிரித்தோம்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி நேரம் சிலுவை தியானம் நடக்கும். ஆண்டவர் சிலுவையில் பேசின ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஐயர் பேசுவார். பங்குனி வெயில், வெறும் வயிறு. நான் இரண்டாவது வார்த்தையில் கண்ணை மூடினேன், ஆறாவதில் திறந்தேன். நடுவில் ஐயர் என்ன சொன்னார் என்று தெரியாது. விழித்துப் பார்த்தபோது அக்கா வழக்கம்போலத் தரையைப் பார்க்கவில்லை. நேராக ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுச் சண்டையையே எதிர் வீட்டுக்காரி தெருவில் நின்று சொல்வதைக் கேட்கிறவளின் முகம்.

வெளியே வந்ததும் அவள் ஐயரை மறித்துக்கொண்டாள்.

"ஐயா, ஏன் என்னைக் கைவிட்டீருன்னு அவரே கேட்டாருன்னியளே. அதுக்கு மேல இருந்து பதில் வந்ததா?"

ஐயர் நல்ல மனுஷன். அங்கியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு யோசித்தார். "வந்ததா எழுதலைம்மா."

"அப்புறம் அவரு என்ன செஞ்சாரு?"

"அப்புறமும் பிதாவேன்னுதான் கூப்பிட்டாரு."

"பதில் வராமலேயா?"

"வராமலேதான்." அவர் குரல் தணிந்தது. "எனக்கும் இது வெளங்கலைம்மா. பிரசங்க பீடத்துல ஏறினா வெளங்குத மாதிரி இருக்கு. இறங்கினா போயிருது."

நான் அவரை அதுவரை இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை. எனக்கும் அப்படித்தான், ஏறுவதற்குப் பீடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அக்காவுக்கு இதில் என்ன கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை. விடை தெரியாது என்பதைக் கேட்டுக்கொண்டு, விடை கிடைத்தவள் மாதிரி வேகமாக நடந்து போனாள். நான் தூங்கின அந்த நடுப்பகுதியில்தான் விஷயம் இருந்ததோ என்று இன்றும் சந்தேகம்.

அந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகையன்று காலையில் அக்கா சேவலைப் பிடித்துக் காலைக் கட்டினாள்.

"எக்கா, பிள்ளை இன்னும் நடக்கலையே?"

"எனக்குத் தெரியாதா?"

"பின்னே எதுக்கு இது?"

"ஒரு கோழியைக் காட்டி இவ்வளவு நாளா அவரை மிரட்டிக்கிட்டு இருக்கேன்லே. வெக்கமா இருக்கு. கோழி போகட்டும். கேள்வி எங்கிட்ட இருக்கட்டும்."

கோயில் வாசலில் ஐயர் சேவலைப் பார்த்ததும் திகைத்துவிட்டார். "என்ன நன்மைக்குன்னு வாசிக்கட்டும்மா?"

"ஒண்ணும் வாசிக்காதீங்க. பேரை மட்டும் சொல்லுங்க."

அப்படியே வாசித்தார். பேரைச் சொல்லி, நன்மை வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் சும்மா நின்றார். பிறகு திருவிருந்து. ஒவ்வொரு வரிசையாக எழுந்து போனது. பெண்கள் வரிசை வந்தபோது நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தேன், திரும்பிப் பார்த்தேன். அக்கா பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். நடந்து போய் முழங்கால் போட்டாள். இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. பக்கத்தில் இருந்த அண்ணாச்சி என்னவென்று பார்த்தார், தூசி என்றேன். தூசி விழுந்த கண்ணோடு நானும் போய் வாங்கிக்கொண்டேன்.

வெளியே ஏலம். கோயில்குட்டி குரலெடுத்து, தேங்காய், வாழைத்தார், முட்டை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். சேவலைத் தூக்கினார். "நல்ல சேவல்! கேளுங்க, கேளுங்க!" யாரும் கேட்கவில்லை. எந்தச் சேவல் என்று எல்லாருக்கும் தெரியும். அதை வாங்கிப் போய் யார் குழம்பு வைப்பார்கள்? ஆளுக்காள் செருப்பைப் பார்த்தார்கள். எனக்கு அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது. கொடுத்ததை வாங்க ஆளில்லாமல் போனால் அது கொடுத்த கணக்கா?

அப்போது பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளை கையைத் தூக்கினான். "பத்து!"

கோயில்குட்டி குனிந்தார். "பத்து என்னவே மருமகனே? அணாவா, ரூவாயா?"

பிள்ளை யோசித்தான். "பத்து கோழி!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. கோயில்குட்டி சிரிக்கவில்லை. ஏலக்காரருக்குரிய முறைப்போடு சுற்றிலும் பார்த்தார். "ஒரு கோழிக்குப் பத்து கோழி கேட்டாச்சு. மேல கேக்க ஆளு உண்டா? அண்ணாச்சி, நீங்க?" அண்ணாச்சி கையைத் தூக்கிக் கும்பிட்டார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" சேவலைக் கொண்டுவந்து பிள்ளை மடியில் வைத்தார். அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அண்ணாச்சிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அக்காவிடம் வந்தார். "தாயி, பாத்தியா? வேதத்துல மலைமேல பிள்ளையைப் பலி கொடுக்கப் போனவருக்கு, கொடுத்ததைத் திருப்பித் தந்தாருல்லா, அதே மாதிரிதான்!"

"அந்தக் கதையில பிள்ளை தானா நடந்து மலையை விட்டு இறங்கிச்சு அண்ணாச்சி" என்றாள் அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னாள். அண்ணாச்சி பிள்ளை தலையைத் தடவிவிட்டுப் போனார்.

திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். கேரியரில் பிள்ளை, அவன் மடியில் சேவல். அக்கா பக்கத்தில் நடந்து வந்தாள்.

"எக்கா, சண்டை தீந்துட்டா?"

"தீரல."

"பின்னே எப்படிப் பந்திக்குப் போனே?"

"தூரத்துல உக்காந்து எத்தனை நாள்லே சண்டை போடுதது? அவரு காதுல விழ வேண்டாமா?"

எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அடுத்த தெருவுக்குள் திரும்பும்போது போய்விட்டது. பிறகு வேறு ஒரு கவலை வந்தது. இந்தச் சேவல் இப்போது யாருடையது? கொடுத்தாயிற்று, வாங்கியுமாயிற்று. பத்து கோழி பாக்கி வேறு. அக்காவிடம் கேட்டேன். "பேசாம வாலே" என்றாள். சேவல் பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.